கடைவாய்ப் பல்லும் ஒரு கூடைச் செங்காயும்

ஆனி 20, வெள்ளி

கொளுத்தும் வெயில். காற்றே இல்லை. அரை நாள் விடுப்பு, பல் டாக்டர். இடது கடைவாய்ப் பல்லில் கீறல். தூக்கத்தில் நறநறவென்று கடிக்கிறேனாம். "யார் மேலம்மா இவ்வளவு கோவம்?" என்று சிரித்தார். வாயில் பஞ்சு. தப்பித்தேன். அடுத்த வெள்ளி மறுபடி வரச் சொன்னார்.

யார் மேல் என்று எனக்குத் தெரியாதா? ராஜம் அண்ணி மேல். என் வீட்டுக்காரரின் அக்கா. ஏழு வருஷம் முன்பு, அவருடைய பதினாறாம் நாள் காரியத்தில், பந்தியில் அத்தனை பேர் முன்னால் சொன்னாள்: "என் தம்பி நல்லாத்தான் இருந்தான். இவ ராசிதான் அவனைக் கொண்டுபோயிடுச்சு." பத்தொன்பது வருஷம் குடித்தனம் நடத்திய பிறகா என் ராசிக்கு வேலை ஞாபகம் வந்தது? அன்றைக்குக் கேட்க வாய் வரவில்லை. அதற்குப் பிறகு அவள் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை.

வாங்க: பால், பல்வலி மாத்திரை. கேஸ் சிலிண்டர் பதிய.

ஆனி 21, சனி

கடைத்தெருவில் மாம்பழ வண்டிகள். வியாழன் மாங்கனித் திருவிழா. சாமி ஊர்வலம் அண்ணி வீட்டு வாசல் வழியாகத்தான் வரும். மகள் பிறந்ததற்கு வேண்டுதல் என்று, அவர் இருந்தவரை வருஷா வருஷம் அந்த மொட்டை மாடியில் நின்று இரண்டு பேரும் கீழே இருக்கிற கூட்டத்துக்குப் பழம் எறிவோம். அவர் போனபின் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

புதுச்சேரியிலிருந்து மகள் நிலா போன். "அம்மா, அத்தை சொன்னதை மாசம் ரெண்டு தடவை எனக்குச் சொல்றே. ஒரு வார்த்தை மாறல." கோபம் வந்தது. போனை வைத்துவிட்டு எண்ணிப் பார்த்தேன். குறைத்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

ஆனி 22, ஞாயிறு

அண்ணி வீட்டுக்குப் போனேன். நிஜமாக. போகும் முன் எழுதி வைத்துக்கொண்டது: காபி குடிக்கக் கூடாது. அழக் கூடாது. நேராக விஷயம்.

காபி குடித்தேன். நல்ல காபி, அதுவே எரிச்சல். "ஏன்டி செல்வி இப்படி எளைச்சுட்டே?" என்றாள். அவள் அன்று சொன்னதை அவள் எதிரிலேயே அப்படியே சொன்னேன். விழித்தாள்.

"நானா? அப்படியா சொன்னேன்? ஞாபகமே இல்லையேடி."

நடிப்பு இல்லை. அந்த முகத்தை எனக்குத் தெரியும். நான் ஏழு வருஷமாகப் பல்லை உடைத்துக்கொண்டிருக்கிறேன், இவள் மறந்தே போயிருக்கிறாள்! செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பிவிட்டேன். அங்கே அழவில்லை. ஆட்டோவில் அழுதேன்.

ஆனி 23, திங்கள்

மன்னிப்பதாக இல்லை. முடிவு. பல்வலி. ரசம் சாதம்.

ஆனி 25, புதன்

சாயங்காலம் தூறல். நான் வேலை பார்க்கிற நெரவி பஞ்சாயத்து அலுவலகத்தில் பிறப்புச் சான்றிதழுக்கு நல்ல கூட்டம். என் ஜன்னல் வரிசையில் ஏழாவது ஆளாக ராஜம் அண்ணி! முட்டிவலிக்காரி, பஸ் பிடித்து வந்திருக்கிறாள். முறை வந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி:

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொன்னேன்னியே. இன்னைக்கும் எல்லார் முன்னாடியும் சொல்றேன். என் தம்பியை இவ கண்ணுல வச்சுப் பாத்துக்கிட்டா. என் வாய்தான் பொல்லாத வாய். மன்னிச்சுக்க செல்வி."

வரிசையில் பின்னாலிருந்து ஒருவர், "அப்ப என் சர்டிபிகேட்டும்மா?"

நான் சொன்னது என்ன? "நவுருங்க அண்ணி, அடுத்தவங்க வரட்டும்." அவ்வளவுதான். இதற்காகத்தானே ஏழு வருஷம் காத்திருந்தேன்? மனசு ஏன் குளிரவில்லை?

வீட்டுக்கு வந்து, விளக்கேற்றி, யோசித்து யோசித்து ஒன்று பிடிபட்டது. இந்தக் கோபம் இருக்கும்வரை எனக்கு அந்தப் பதினாறாம் நாள் முடியவே இல்லை. அவர் போய்ப் பதினாறு நாள்தான் ஆகிறது. கோபத்தை விட்டால் அவரையும் விட்டுவிட வேண்டும் என்று பயம். அதுதான், வேறொன்றும் இல்லை. அண்ணி செய்ய வேண்டியதை அண்ணி செய்தாயிற்று. இனி என் வேலை.

ஆனி 26, வியாழன்

உள்ளூர் விடுமுறை. விடிந்ததும் ஒரு கூடைச் செங்காய் வாங்கினேன், பாதி பழுத்தது, கெட்டியாக. நேரே அண்ணி வீட்டு மொட்டை மாடி. அங்கே அண்ணி வாங்கி வைத்திருந்த பழமெல்லாம் கொழகொழ.

"அண்ணி, இதை எறிஞ்சா கீழ நிக்கிறவங்க வேட்டி என்னத்துக்கு ஆகும்?"

"செங்காய் பாத்து வாங்க நீ எங்கடி வந்தே? ஏழு வருஷமா தெருவே என்னைத் திட்டுது!"

சிரித்துவிட்டேன். சிரித்த வாயோடு சொன்னேன்: "மன்னிச்சுட்டேன் அண்ணி." மேளம் நெருங்கிவிட்டது. இன்னொரு தடவை, உரக்கச் சொன்னேன். எனக்கே கேட்க வேண்டும் என்று.

அண்ணி அழுதார். முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மாடியில் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் பார்க்க, கூடையை என் பக்கம் தள்ளினார். "மொதப் பழம் நீ எறி." தாலி இல்லாதவள் முதலில் எறியலாமா என்று யாராவது முணுமுணுப்பார்களோ? ஒரு நொடிதான். முணுமுணுக்கட்டும்!

சாமி சப்பரம் தெருவுக்குள் திரும்பியது. எறிந்தேன். சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் எம்பிப் பிடித்தார். "புடிச்சுட்டாரு!" என்று கத்தினேன், ஐம்பதை நெருங்குகிறவள். என் வீட்டுக்காரர் பேர் சொல்லி ஒன்று. நிலா பேர் சொல்லி ஒன்று. அப்புறம் என் பேர் சொல்லி, என் பேர் சொல்லி, கூடை காலியாகும் வரை.

ஆனி 27, வெள்ளி

விடியும் வரை ஒரே தூக்கம். பல் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லித் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"இப்ப எங்கம்மா வலி?"

"தோள்ல, டாக்டர்."