கம்ப்யூட்டரில் உன் பக்கம்

இன்று காலை கரண்ட் போய் வந்தது. கடைக் கம்ப்யூட்டர் தானாக உயிர்பெற்று, கறுப்புத் திரையில் அந்த இரண்டு வரிகளைக் காட்டி நின்றது. மேலே உன் லினக்ஸ், கீழே என் விண்டோஸ். பத்து விநாடிக்குள் கீழ் அம்பை அழுத்தாவிட்டால் உன் பக்கம் திறந்துவிடும். எனக்கு அழுத்த மனம் வரவில்லை.

நாம் சேர்ந்து இந்த டி.டி.பி. கடையைத் திறந்தபோது வாங்க முடிந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான்; அதையே ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துக்கொண்டோம். கல்யாணப் பத்திரிகை வேலையெல்லாம் என் பக்கம். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் நீ உன் பக்கத்தைத் திறந்து, ஒரு தமிழ் எழுத்துருவை நீயே வரைந்துகொண்டிருப்பாய். 'கு'வின் வாலை வளைக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்ட ஆள் நீ. யார் கேட்டார்கள் இதை என்று கேலி செய்வேன். நம் பத்திரிகைகளில் மாப்பிள்ளை பெயர் கூன் விழுந்து கிடக்கிறதே, அது உன் கண்ணில் படவில்லையா என்பாய்.

இரண்டு பக்கத்தையும் காட்டும் அந்தப் பட்டியலைக் கொண்டுவருவது பூட் லோடர் என்று நீதான் சொல்லித்தந்தாய். "விண்டோஸ மறுபடி போடணும்னா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடு, என்னலே?" என்றாய். தலையாட்டினேன்.

நீ திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் படுத்தது ஆடி மாதம். ஆவணி முகூர்த்தப் பத்திரிகைகள் மேசையில் குவிந்து கிடந்தபோது, வைரஸ் ஏறி என் பக்கம் முடங்கிப்போயிற்று. போன் போட்டிருந்தால் நீ எடுத்திருப்பாய். நோயாளியைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று நினைத்ததாகப் பிறகு எல்லோரிடமும் சொன்னேன். உண்மை அதுவல்ல. இதுகூடத் தெரியாதா என்று சிரிப்பாயே என்கிற வீம்பு. நானே விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன்.

பட்டியல் வரவில்லை. நேராக விண்டோஸ் திறந்தது. உன் டிரைவைத் தேடினேன், எங்கேயும் காணோம். ஆறு வருஷமாக நீ வரைந்ததை ஒரு மத்தியானத்தில் அழித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து உன்னைப் பார்க்க வந்தேன். பாதி உடம்பாகிவிட்டிருந்தாய்.

"ஏலே, எம் பக்கம் நல்லா இருக்கா?"

"இருக்கு."

"அதுல ஒரு தாள் பிரிண்ட் எடுத்துட்டு வாயேன். கண்ணால பாக்கணும் போல இருக்கு."

அடுத்த தடவை கொண்டுவருவதாகச் சொன்னேன். அந்த அடுத்த தடவை வரவேயில்லை. ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்தில் பஸ்ஸில் ஏற முடியவில்லை என்றேன், பிரிண்டர் ரிப்பேர் என்றேன். உன் ஒவ்வொரு போனுக்கும் ஒரு பொய். மூன்று வாரத்தில் நீ போய்விட்டாய். ராயகிரியில் உன் வீட்டு வாசலில் கூட்டத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். உன் மனைவி என்னைக் கண்டுகொண்டு ஒன்றுதான் சொன்னார்: "கதவு தெறக்கும்போதெல்லாம் நீங்கதான் வந்துட்டியளோன்னு பாத்தாவ, அண்ணாச்சி."

கார்த்திகையில் வேறொரு கோளாறைப் பார்க்க ராஜபாளையத்திலிருந்து ஒரு மெக்கானிக் பெண் வந்தார். போகிற போக்கில் உன் பக்கம் அழிந்த கதையைச் சொன்னேன். ஒரு பென் டிரைவைச் செருகிக் கொஞ்ச நேரம் ஏதோ தட்டினார். பட்டியல் வந்து நின்றது.

"ஒண்ணும் அழியல அண்ணாச்சி. ரெண்டையும் காட்டுத பூட் லோடர் மட்டுந்தான் போயிருந்துச்சு. அவிய பக்கத்த விண்டோஸ் காட்டாது. அது இருந்த எடத்துலயேதான் இருக்கு."

பொய்யென்று நினைத்து நான் உன்னிடம் சொன்ன 'இருக்கு' உண்மையாகவே இருந்திருக்கிறது.

அன்றைக்கே ஒரு தாள் பிரிண்ட் எடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை அழகு. அதை உன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க இன்னும் துணிச்சல் வரவில்லை.

அந்தப் பெண் தட்டியது மொத்தம் நாலு வரிக் கட்டளை. அவை உனக்கு மனப்பாடம். வாசுதேவநல்லூர் வாத்தியார் ஒருவருக்குப் போனிலேயே சொல்லிச் சரிசெய்து கொடுத்தவன் நீ. அன்று உன் கட்டிலருகே நின்று, அழித்துவிட்டேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வாய்க்கு வந்தபடி என்னைத் திட்டிவிட்டுப் படுத்தபடியே அவற்றைச் சொல்லியிருப்பாய். மறுநாளே அந்தத் தாள் உன் கையில் இருந்திருக்கும்.

அந்த நாலு வரியும் இப்போது எனக்கும் மனப்பாடம்.