அறாத நூல்

என் சின்னத் தங்கச்சி ரோசம்மாவுக்கு,

கொரோனாவுக்குப் பயந்து ஊரெல்லாம் அடைத்துக் கிடந்த வருடம் அது. கொழும்புக் கடலில் கப்பல் எரிந்து, செத்த ஆமைகள் கரையில் ஒதுங்கிய வருடம். அந்த வருடம்தான் உன்னிடம் நான் பொய் சொன்னேன். எனக்கு எழுதத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

கொழும்பு மட்டக்குளியிலிருந்து போன் எடுத்தாய். உன் வீட்டுக்காரரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் சத்தமாகப் போட்டிருந்தாய்.

“அண்ணே, ஒரு ஆமை உசிரோட கரையில ஒதுங்குச்சு. முன்காலு ரெண்டையும் நூலு இறுக்கி, எலும்பு தெரியுது. மீன் வெட்டுற கத்தியால அறுத்துவிட்டேன். இவரு தூக்கிட்டுப்போய் தண்ணியில விட்டாரு. காலையில பாத்தா அதே எடத்துல செத்துக் கெடக்கு.” பிறகு குரலைத் தாழ்த்தினாய். “வெள்ளை நூலுண்ணே. மலைக்குப் போறவங்க விடுற நூலு மாதிரியே இருக்கு. நம்ம கடை நூலா?”

பின்னாலிருந்து அந்தோனி மச்சான் சிரித்தார். “மலை ஏறாமலே எங்க ஆமைக்குப் புண்ணியம் கெடைச்சிருச்சு, மச்சான்!”

“சும்மா இருங்க!” என்று அவரை அதட்டினாய்.

நான் சொன்னேன்: “நம்ம நூலு பருத்தி, புள்ள. மழையில மக்கிப் போயிரும். அது அந்தக் கப்பல்ல வந்ததா இருக்கும்.”

மருமகள் நிமிர்ந்து பார்க்கிறாள். “மாமா, இதையும் எழுதவா?” எழுதத்தான் வேண்டும்.

மலையடிவாரத்து நல்லதண்ணியில் நம் கடை உனக்குத் தெரிந்ததுதானே. சிவனொளிபாத மலைக்கு முதல் தடவை ஏறுகிறவர்கள், ஊசியில் நூல் கோத்து வழியில் ஓரிடத்தில் குத்திவிட்டு, நூலை விட்டுக்கொண்டே மேலே போவார்கள். நீ கல்யாணமாகிப் போகும்வரை நாம் விற்றது பருத்தி நூல். மழையில் பாதியிலேயே அறுந்துவிடும். சனங்கள் முகம் வாடிப்போவார்கள். அதனால் ஹட்டனிலிருந்து நைலோன் நூல் கொண்டுவந்தேன். ‘அறாத நூல், அறாத நூல்’ என்று கூவி விற்றேன்.

யாத்திரைச் சீசன் முடிந்ததும் கம்பியிலும் புதரிலும் சுற்றிக் கிடந்ததைப் பிடுங்கி, சாக்குச் சாக்காக ஓடையில் தள்ளியதும் நான்தான். தோட்டத்தில் உரம் வந்த பொலித்தீனையும் அப்படித்தானே தள்ளினோம்? பாதை பளிச்சென்று இருக்கிறது என்று பெருமை வேறு. அந்தத் தண்ணீர் களனி ஆறாகி உன் வீட்டுப் பக்கம்தான் கடலில் விழுகிறது என்று எனக்குத் தெரியாதா? அந்த முகத்துவாரத்தில் நின்று முகம் கழுவியவன்தானே நான்?

நடுவில் அணைகள் இருக்கின்றன, அங்கேயே தங்கியிருக்கும் என்று சொல்லிப் பார்க்கிறேன். பெருமழைக்கு வான் கதவு திறந்தார்கள் என்று கேள்விப்பட்டால் அந்தச் சமாதானமும் போய்விடுகிறது. அந்த ஆமையைக் கொன்றது என் நூல்தானா? தெரியாது. இல்லை என்று எப்படிச் சொன்னேன்?

அதற்குப் பிறகும் இரண்டு சீசன் அதே நூலை விற்றேன், ரோசம்மா. மீன் வயிற்றைக் கீறினால் பொலித்தீன் வருகிறது என்று நீ சொல்லத் தொடங்கினால், பேச்சை மாற்றிப் பிள்ளைகளை விசாரிப்பேன்.

உன் அடக்கத்தன்று மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோரிடமும் சொன்னார்: “ஆத்துல வர்ற குப்பைக்கு மலைக்காரங்கள யாராவது திட்டுனா, எங்க அண்ணன் விக்கிறது மக்கிப் போற நூலுன்னு இவ சண்டைக்குப் போயிருவா.” நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

இந்த சீசனுக்குப் பருத்தி நூல்தான் வாங்கி வைத்திருக்கிறேன். ஓடையில் இறங்கி, கல்லிடுக்கில் சிக்கிய பழைய நூலை இழுக்கிறேன். கையை வெட்டுகிறதே தவிர, அது இன்னும் அறவில்லை.

சீசன் தொடங்குமுன் மட்டக்குளிக்கு வருவேன். முதலில் உன் கல்லறைக்கு அல்ல. அன்று என் பொய்யைக் கேட்டவர்கள் இரண்டே பேர். நீ போய்விட்டாய். உண்மையைச் சொல்லித் திட்டு வாங்க, உயிரோடு இருப்பது அந்தோனி மச்சான் மட்டும்தான்.

உன் பெரியண்ணன்,
சவரிமுத்து