மாலை போட்ட நாற்காலி

குளிருக்குப் பயப்படாத என் அன்பு அண்ணனுக்கு,

நீ போனதிலிருந்து உன் வேன் ஓடவில்லை. டவுன் இடைநிலைப்பள்ளிக்கு நம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றிப் போக நீ தொடங்கிய அறவாரியம் வாங்கிய அதே வேன், நம் லயத்து வீடுகளுக்குப் பின்னால் பாசி பிடித்து நிற்கிறது. பர்மிட்டைப் புதுப்பிக்க அறவாரியத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். தலைவர் இன்னமும் நீதான், அண்ணே. அதுதான் கொடுமை.

உன் காரியம் முடிந்ததும், அறவாரியக் கூட்டம் நடக்கும் மண்டபத்தில் உன் நாற்காலிக்கு மாலை போட்டார்கள். அன்று முதல் அதில் யாரும் உட்காருவதில்லை. கூட்டத்துக்கு வருகிறார்கள், அதைக் கும்பிடுகிறார்கள், உன்னைப் பற்றிப் பேசிக் கண் கலங்குகிறார்கள், டீ குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

"புதுத் தலைவர எப்பண்ணே போடுவீங்க?" என்று செயலாளர் மாரிமுத்து அண்ணனிடம் கேட்டேன்.

"அவரு நாற்காலில இன்னொருத்தன் எப்படிம்மா உட்கார்றது? பாவம் லா," என்றார்.

கெட்டவர் இல்லை. உன்மேல் உயிரையே வைத்திருந்தவர். எல்லாரும் அப்படித்தான், அதனால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? டியூஷன் அறை பூட்டிக் கிடக்கிறது. அடையாள அட்டைக்கு அலைகிற பெரியவர்களை ஆபீசுக்குக் கூட்டிப் போக ஆளில்லை. லயத்துப் பாதையில் விளக்கு எரியாவிட்டால் மானேஜரிடம் போய் நிற்கவும் யாருமில்லை.

நேற்று தெய்வானை அக்கா மகள் மாலினியைப் பார்த்தேன். வளைவுகளில் வாந்தி வருமென்று முன் சீட்டில் உட்கார வைப்பாயே, அவள்தான். கியா பார்ம் சந்தையில் ஒரு ஸ்ட்ராபெரி கடையில் வேலைக்கு நிற்கிறாள்.

"ஸ்கூலுக்குப் போகலையாடி?"

"எதுல போறது அத்தை? மோட்டார் சைக்கிள அப்பா வேலைக்கு எடுத்துட்டுப் போயிடுறாரு. அடுத்த வாரம் ஸ்கூல்ல பேர எடுத்துடலாம்னு அம்மா சொல்லிட்டாங்க."

நான் என்ன செய்வேன், அண்ணே? வாயைத் திறந்தால் அண்ணன் பதவிக்கு ஆசைப்படுகிறாள் என்பார்கள். சும்மா இருந்தால் மாலினி படிப்பு போய்விடும். நீ இருந்தால் யாரைத் திட்டியிருப்பாய், அவர்களையா, என்னையா?

நாளைக்குக் கூட்டம். நானும் உறுப்பினர்தானே. அந்த மாலையைக் கழற்றி உன் படத்துக்குப் போட்டுவிட்டு, உன் நாற்காலியில் உட்காரப் போகிறேன். ஒன்று, என்னைத் தலைவராகப் போடட்டும். இல்லையா, வேறொருவரைப் போட்டு என்னை எழுப்பட்டும். அதுவரை யார் வைதாலும் எழுந்திருக்க மாட்டேன். இது சத்தியம்.

முன் சீட்டை இன்றைக்கே துடைத்து வைத்துவிட்டேன்.

உன்னைக் கேட்காமலே உன் இடத்தில் உட்காரப் போகும்
தங்கச்சி செல்வி