கொலைகாரனுக்கு வக்காலத்து

ஜூலை 9, புதன்

கோவையில் ஹாஸ்டலில் இருக்கும் மகள் கயல் எப்போதும் இரண்டே நிமிடத்தில் போனை வைத்துவிடுவாள். இன்று அரை மணி நேரம் பேசினாள். கல்லூரியில் ஒரு திகில் கதை பாடமாம். கொலை செய்து பிணத்தை மறைத்தவனே, தனக்குப் பைத்தியம் இல்லை என்று சாதித்தபடி கதையைச் சொல்கிறானாம்.

"அவன் பைத்தியந்தானுங்கப்பா?"

பத்தாவதோடு படிப்பை நிறுத்திய நான் அவனுக்கு வக்கீலாகிவிட்டேன். எங்களுக்கு மஞ்சூர் ரோட்டு வளைவில்தான் சிக்னல் கிடைக்கும். மழையில் குடை பிடித்தபடி, "பொணத்தை அத்தனை பக்குவமா மறைச்சவன் எப்படிப் பைத்தியமாவான்?" என்றேன்.

"நீங்க கொலகாரன் பக்கமுங்களா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு கொலைகாரர்களுக்கு வாதாடலாம்.

கடைசியில், "இல்லாத சத்தமெல்லாம் அவனுக்குக் கேக்குதுங்கப்பா" என்றாள்.

தினமும் சாயங்கால பஸ் வந்து நின்றதும், அவள் செருப்புச் சத்தம் எங்கள் வீட்டுப் படியேறி வருவது எனக்குக் கேட்கிறது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

"சரி கண்ணு, அவன் பைத்தியந்தான்."

"அப்ப வெச்சர்றனுங்கப்பா" என்றாள். வைத்துவிட்டாள்.

ஒப்புக்கொண்டிருக்கக் கூடாது. நாளைக்கு நானே கூப்பிட்டு, நன்றாக யோசித்துப் பார்த்தேன், அவன் தெளிவாகத்தான் இருக்கிறான் என்று மறுபடியும் ஆரம்பிக்க வேண்டும்.