சக்கரத்தடியில் எலுமிச்சை

செவ்வாய்க்கிழமை, இரவு

அண்ணனின் பழைய அம்பாசிடர் தேறுமா என்று பார்க்க ஜெயங்கொண்டத்திலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தேன்.

"சோழப் பேரரசின் கடைசித் தேர். கும்பிட்டுவிட்டுத் தொடு" என்றேன்.

"இன்ஜின் தேறிடும்ண்ணே. வெளிய தள்ளிப் பாத்துடலாம். டயருக்கு முன்னால என்ன, கருங்கல்லாட்டம்?"

எலுமிச்சம்பழம். எட்டு வருஷத்துக்கு முன், சிறுவாச்சூர் கோயிலுக்குக் கிளம்பும்போது நான்கு சக்கரத்துக்கும் அண்ணனே வைத்தது. தண்ணீர் குடிக்க உள்ளே போனவர் நெஞ்சைப் பிடித்தபடி விழுந்தார். வண்டி அதன்பின் நகரவே இல்லை.

"இமயமலையை வேண்டுமானால் தள்ளுகிறேன். இதை மாட்டேன்" என்றேன்.

அண்ணி வாசலுக்கு வந்தார். "தள்ளுங்க தம்பி. எத்தனை வருஷந்தான் அவரு கெளம்பிக்கிட்டே இருப்பாரு?"

தள்ளினோம். பழங்கள் நொறுங்கின. வண்டி நகர்ந்ததும் மூன்று பேருமே டிரைவர் சீட்டைத்தான் பார்த்தோம்.