திராமிசு செய்த மூன்று ஞாயிறுகள்

மச்சான்,

இன்று காலை பட்டறையைத் திறக்கச் சாவியைத் தேடிச் சட்டைப்பையில் கையை விட்டேன். விரலெல்லாம் கொக்கோத் தூள். முப்பது வருடமாக அந்தப் பையில் திருகாணியும் கிரீஸ் துணியும் தவிர வேறெதுவும் இருந்ததில்லை என்று உனக்குத் தெரியும். விரலை முகர்ந்தேன். கசப்பும் இனிப்புமாக அந்த வாசனை ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லுக்குட் கடைத்தெருவில், மோட்டார் பட்டறை வாசலில், ஐம்பத்தெட்டு வயது ஆள் ஒருவன் தன் விரலைத் தானே முகர்ந்து சிரிப்பதை எதிர்க்கடைச் சீனர் கண்கொட்டாமல் பார்த்தார். பார்க்கட்டும். கதவைப் பாதி தூக்கியபடியே விட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடக்கி வைக்க முடியவில்லை. உன் மகள் தேவி பெடாஸில் கேக் கடை திறந்துவிட்டாள்! நேற்று, ஞாயிற்றுக்கிழமை, முதல் நாள். கண்ணாடிப் பெட்டியின் நடுத்தட்டில் எதை வைத்தாள் தெரியுமா? திராமிசு. நீயும் நானும் மாரடித்தோமே, அதே இத்தாலிக்காரன் பண்டம். மத்தியானத்துக்குள் தட்டு காலி.

அவள் பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு, கேக் செய்யப் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது நீ போட்ட சத்தம் தோட்டத்து லயம் முழுக்கக் கேட்டதாம். உன் வீட்டுக்காரி, என் தங்கச்சிதான் பிறகு சொன்னாள். "தொர பங்களா குசினியில எங்கம்மா இருவது வருசம் வெந்தாங்க. அவன் தின்ன தட்டக் கழுவுனாங்க. எம் மகளும் குசினிக்கா?" என்று கத்தினாயாம். அது வேறு, இது வேறு என்று தேவி சொன்னது உன் காதில் ஏறவில்லை. படிப்பு வேண்டாம், வேலையிலேயே கற்றுக்கொள்கிறேன் என்று அவள் சி ரூசாவில் ஒரு ஹோட்டல் சமையல்கட்டில் சேர்ந்து, அங்கேயே விடுதியில் தங்கிவிட்டாள். மோட்டார் சைக்கிளில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஒன்பது மாதம் நீயும் போகவில்லை, அவளும் வரவில்லை. தங்கச்சி மட்டும் மாதம் ஒரு முறை உனக்குத் தெரியாமல் பஸ் ஏறிப் போய்வந்தாள். உனக்குத் தெரியாமல் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஒரு நாள், எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றி நீ ஓட்டும் லோரியோடு என் பட்டறைக்கே வந்துவிட்டாய். பிரேக் ஏதோ தகராறு போலிருக்கிறது என்று எழுந்து வந்தேன். நீ கைப்பேசியை நீட்டினாய். தங்கச்சிக்கு தேவி அனுப்பிய படம். வெள்ளைத் தட்டில் ஒரு துண்டு. பழுப்பு, வெள்ளை, பழுப்பு, வெள்ளை என்று அடுக்கு, மேலே தூள். 'நான் தனியாச் செஞ்ச முதல் திராமிசு' என்று கீழே எழுதியிருந்தாள்.

"மச்சான், இத நான் செய்யணும்."

"செய்யணுமா? சி ரூசா போயி வாங்கித் தின்னுட்டு வாலா."

"வாங்கித் தின்னா நான் வெறும் கஸ்டமர்டா. செஞ்சு பாத்தாத்தானே அவ என்னா வேல செய்யிறான்னு தெரியும்."

சொல்லிவிட்டு லோரி டயரைக் காலால் உதைத்துப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாய். உன் முகம் எனக்குத் தெரியவேண்டாம் என்பதற்காக. அன்றைக்கே நான் சரி என்றுவிட்டேன்.

தங்கச்சிக்குத் தெரியக்கூடாது என்றாய். அதனால் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் என் வீட்டுக் குசினி. என் மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் ஷிப்ட். நாம் இரண்டு பேர் மட்டும். முதல் ஞாயிறு, வேண்டிய சாமான்களை முந்தின நாளே தொலைபேசியில் படித்துக் காட்டியிருந்தேன். நீ ஒரு பை நிறைய வாங்கி வந்தாய். மேசையில் கொட்டினாய். முட்டை, சீனி, கிரீம் பெட்டி, கோப்பித் தூள், அப்புறம் அரைக் கிலோ வெண்டைக்காய்.

"இது எதுக்குடா?"

"நீதானலா சொன்ன, லேடிஸ் பிங்கர் இருவதுன்னு. பாசார்ல பிஞ்சாப் பாத்துப் பொறுக்கிட்டு வந்தேன்."

அது விரல் மாதிரி நீளமான ஒரு பிஸ்கட் என்று கைப்பேசியில் படம் காட்டியதும் நீ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாய். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு பிடித்துக்கொண்டது. பிஸ்கட்டுக்கு எங்கே போவது? மேரி பிஸ்கட்டை எடுத்து, அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு கோப்பியில் போட்டோம். அடுத்த நொடி அது கூழ். கிரீமை நுரைக்க அடிக்க வேண்டும் என்றிருந்தது. கையால் எவன் அடிப்பான் என்று நான் முட்டை அடிக்கும் கம்பியை என் டிரில் மெஷினில் மாட்டினேன். அந்த யோசனைக்காக நீ என்னை எவ்வளவு பாராட்டினாய்! சுவிட்சைத் தட்டியதும் பாதி கிரீம் சுவருக்குப் போனது. மீதி இரண்டே நிமிடத்தில் திரிந்து, தண்ணீர் வேறு, வெண்ணெய் வேறாகப் பிரிந்து நின்றது. கடைசியில் அந்த வெண்ணெயை ரொட்டியில் தடவி, கோப்பியோடு சாப்பிட்டோம். வெண்டைக்காயை என் மனைவி சாம்பாரில் போட்டாள். எதற்கு இவ்வளவு என்று அவள் கேட்டதற்கு, மலிவாக இருந்தது என்றேன்.

இரண்டாவது ஞாயிறுக்கு நீ தனியாகச் சிரம்பான் வரை போய், அந்த பிஸ்கட்டும் மஸ்கர்போனே என்ற பாலாடைக்கட்டி டப்பாவும் வாங்கி வந்தாய். டிரில் மெஷினைத் தொடக்கூடாது என்றாய். கோப்பியைக் காய்ச்சி, நன்றாக ஆறவைத்தாய். கொதிக்கும் தண்ணீர்ப் பானைமேல் கிண்ணத்தை வைத்து, மஞ்சள் கருவையும் சீனியையும் விடாமல் அடிக்க வேண்டும், மஞ்சள் வெளுத்துக் கெட்டியாகும் வரை. நான் ஐந்து நிமிடத்தில் கம்பியை உன்னிடம் தள்ளிவிட்டேன். இருபது கிலோ குலையைக் குத்தித் தூக்கி லோரியில் எறிந்த கை உன்னுடையது. அந்தக் கையே பத்து நிமிடத்தில் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது. பானை விளிம்பு பட்டு மணிக்கட்டில் கொப்புளம் வேறு.

"எனக்கே இப்பிடி வலிக்குதே மச்சான். அவ கை என்னாத்துக்கு ஆவும்?"

கம்பியை எடுத்து மறுபடி அடிக்க ஆரம்பித்தாய்.

கோப்பியில் கொஞ்சம் மது ஊற்றலாம் என்று செய்முறையில் இருந்தது. நான் படித்துவிட்டு உன் முகத்தைப் பார்த்தேன். "அது வேணாம். அவ கைப்புள்ளயா இருந்தப்ப விட்டது. அவளுக்குச் செய்யிறதுலயா திரும்பத் தொடுவேன்?" என்றாய். பிஸ்கட்டைக் கோப்பியில் ஒரு முக்கு, உடனே வெளியே. ஒரு வரிசை பிஸ்கட், அதன்மேல் கிரீம், மறுபடி பிஸ்கட், மறுபடி கிரீம். செங்கல் அடுக்கும் கொத்தனார்போல் நீ குனிந்து மட்டம் பார்த்தாய். எல்லாம் சரியாக வந்தது. ஆனால் ஓர் இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் இருக்க வேண்டியதை இரண்டு மணி நேரத்தில் வெட்டிவிட்டோம். கஞ்சிபோல் தட்டெல்லாம் ஓடியது.

"அவளோடது நிக்குது. நம்மளோடது ஓடுது" என்றாய். ஒரு கரண்டி வாயில் வைத்தாய். அப்புறம் உன் கண் விரிந்தது. "டேய், ருசி வந்துருச்சுடா!" என்று என் தோளில் ஓர் அறை விட்டாய். இன்னும் வலிக்கிறது என்று சொன்னால் நம்புவாயா? கரண்டியாலேயே அள்ளி அள்ளி முழுத் தட்டையும் முடித்தோம்.

மூன்றாவது தடவை சனிக்கிழமையே செய்து வைத்துவிட்டோம். ஞாயிறு மத்தியானம் ஐஸ் பெட்டியில் வைத்து, என் மோட்டாரில் கிளம்பினோம். நீ பின்னால் உட்கார்ந்து பெட்டியை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு, வழி முழுக்க "மெதுவாலா, மேடு வருது, மெதுவாலா" என்று என் காதில் கத்தினாய். கடற்கரைச் சாலைக்கு வந்ததும் கத்துவது நின்றுவிட்டது. அது எனக்குப் பயமாக இருந்தது. ஹோட்டலின் பின்வாசலில், வேலைக்காரர்கள் ஓய்வுக்கு வெளியே வரும் இடத்தில் நிறுத்தினேன். மூன்று மணிக்கு அவளுக்கு ஓய்வு என்று உனக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. தங்கச்சி வாயிலிருந்து எப்படியோ கறந்திருக்கிறாய்.

தேவி வெள்ளைச் சட்டையோடு வெளியே வந்தாள். நம்மைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். "அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?" என்றுதான் முதலில் கேட்டாள். நீ தலையை ஆட்டினாய். முந்தின இரவு முழுக்க நீ என்னிடம் ஒத்திகை பார்த்த பேச்சில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. பெட்டியைத் திறந்து, தூளைத் தூவி, ஒரு கரண்டியை அவள் கையில் கொடுத்தாய்.

அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். மெதுவாக மென்றாள். நான் மோட்டார் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் எந்தப் பரீட்சை முடிவுக்கும் அப்படிக் காத்திருந்ததில்லை.

"கோப்பி கொஞ்சம் தூக்கலா இருக்குப்பா" என்றாள்.

"எவ்வளவு கொறைக்கணும்?" என்றாய் நீ.

அவ்வளவுதான் நீ கேட்டது. அவள் உன் முகத்தைப் பார்த்தாள். பிறகு உன் மணிக்கட்டைப் பார்த்தாள். "யாருப்பா செஞ்சா?" என்றாள், விடை தெரிந்த குரலில். "நான்தான். ரெண்டு வாட்டி கெட்டுப்போச்சு. இதத் தெனமுமா செய்யிற? லேசுப்பட்ட வேல இல்லம்மா இது" என்று நீ சொல்லி முடிப்பதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். கையில் கரண்டியோடு, வாயில் கிரீமோடு உன்னைக் கட்டிக்கொண்டாள். நான் கடலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். அங்கிருந்து கடல் தெரியாது. குப்பைத் தொட்டிதான் தெரிந்தது.

அந்தத் தீபாவளிக்கு அவள் வீட்டுக்கு வந்தாள். அடுத்த வருடம் நீயே கொண்டுபோய்ச் சிரம்பானில் படிக்கச் சேர்த்தாய். படிப்பு முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தபோது, தோட்டத்துச் சாலையில் லோரியை ஒழுங்காக ஓரங்கட்டி, என்ஜினை நிறுத்திவிட்டு, நீ போய்விட்டாய். நெஞ்சுவலியாம். வண்டியை நிறுத்தத் தெரிந்தவன் நீ. அதைச் சொல்லித்தான் நான் எல்லோரையும் தேற்றினேன். என்னைத் தேற்ற அது போதவில்லை.

நேற்று விடியும்போதே பெடாஸ் போய்விட்டேன். தேவி எனக்கு ஒரு வெள்ளை ஏப்ரனை மாட்டிவிட்டாள். கிரீமைக் கலக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "மாமா! இப்பிடியா கலக்குறது? சிமெண்டா குழைக்கிறீங்க? உள்ள இருக்கிற காத்தெல்லாம் போயிருச்சு பாருங்க!" என்று போட்டாள் ஒரு சத்தம். அங்கே வேலைக்கு நின்ற பெண்பிள்ளைகள் நடுங்கிப் போனார்கள். வயதான ஆளை இப்படித் திட்டுகிறாளே என்று தங்கச்சி ஓடி வந்தாள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

அந்தத் திட்டு உனக்கு வரவேண்டியதுடா. தன் குசினியில் தன் அப்பாவை வைத்து வேலை வாங்க வேண்டும், தப்பு செய்தால் வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டிருப்பாள். நீயும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கியிருப்பாய். நீ இல்லை, அதனால் எனக்கு வருகிறது. நேற்று ஒரே நாளில் ஏழு தடவை. எல்லாவற்றையும் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டேன்.

வரும் ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறாள். போகிறேன், மச்சான். திட்டு வாங்குவதற்காக வேண்டுமென்றே எதையும் கெடுக்க மாட்டேன். என் கைக்கு அதற்கு அவசியமும் இருக்காது.