கிழட்டுத் தேனீக்கு ஒரு மட்டைத் துண்டு

அக்கா, இன்று காலை வெடிக் கம்பெனியில் நம் அறை வாசல் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு கிழட்டுத் தேனீ வந்தது. சிறகு ஓரமெல்லாம் நைந்து, முதுகு மயிர் கொட்டி ஒரே வழுக்கை. பார்த்ததும் உன் ஞாபகம். கோபப்படாதே, உனக்கும் முன்மண்டை அப்படித்தான்.

தீப்பிடித்தால் அணைக்க வைத்த தொட்டி அது. தேனீக்கள் முங்கிச் சாகக்கூடாதென்று பனைமட்டைத் துண்டை மிதக்கவிட்டவள் நீ. சோற்றுவேளையில் தூக்குச்சட்டியைத் திறக்காமல் அதையே பார்த்திருப்பாய்.

"கூட்டுக்குள்ள வேலை பூராம் குமரிகளுக்கு. வெயில்ல தண்ணி தூக்க வாரது கிழடுக, பாத்தியா புள்ள?"

"நம்ம கம்பெனியும் அப்படித்தானக்கா" என்பேன். விரல் வேகமுள்ள பிள்ளைகள் அறைக்குள் திரி வைப்பார்கள். நாம் வெளியே மேடையில் வெடிகளைப் புரட்டிக் காயவைப்போம்.

ஒருநாள் சொன்னாய்: "காலையில கிழடும் எளசும் ஒண்ணுபோலத்தான் பறக்குது. உச்சி வெயில்லதான் கிழடு பொத்துனு விழுது."

"நீ எப்பக்கா விழப்போற?" என்று கேட்டேன். வாய்க்கொழுப்பு.

அந்தச் சித்திரையில் உச்சி வெயிலில் மேடையிலேயே சாய்ந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. "வயசாயிருச்சுல்ல" என்றார்கள். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இன்று உச்சி வேளையில் போர்மேன் வந்தான், இளவட்டப் பையன்.

"யக்கா, ஆர்டர் நிக்குது. மேடைக்குப் போங்க."

"இப்பப் போக மாட்டேன்."

"முடியலேன்னா வீட்டுல இருங்க. வயசாயிருச்சு ஒங்களுக்கு."

"ஆமா தம்பி, வயசாயிருச்சு. ஒளிச்சா வச்சிருக்கேன்? காலையில வெள்ளனக் கூப்பிடு, மேடை பூராம் புரட்டுதேன். உச்சியில ஏற மாட்டேன். வீட்டுக்கும் போக மாட்டேன்."

சொல்லிவிட்டு வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மேடையில் நின்ற ஐந்து பேரும் இறங்கிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அவன் விறைப்பாக மேடையேறி, தானே இரண்டு வரிசை புரட்டினான். மூன்றாவது வரிசைக்கு அவனாலும் முடியவில்லை. முகம் சிவந்து, சட்டை நனைந்து வந்து நின்றான்.

"எளசுக்கே இப்படியா தம்பி?" என்றேன். ஐந்து பேரும் சிரித்தார்கள்.

"நாளைக்கு வெள்ளன வந்துருங்க" என்றான். உனக்குக் கிடைக்காத சொல் அக்கா அது.

தோற்ற கடுப்பில், தொட்டிக்குள் குப்பை எதற்கென்று மட்டைத் துண்டை எடுத்து வீசிவிட்டுப் போனான். நீ போட்டது எப்போதோ மக்கிப்போனது. இது நான் போட்ட நாலாவது. மண்ணைக் கழுவி மறுபடியும் மிதக்கவிட்டேன்.

நாளைக்கும் வீசுவான். நாளைக்கும் போடுவேன்.